மதுரைப் பக்கம் மெக்கானிக்கல் வாத்தியார் வேலை: பாடமும் புராஜெக்டும் மட்டும் வைத்து ஓட்ட முடியுமா?

கேள்வி இதுதான். எம்.இ. டிசைன் முடித்த ஒரு தம்பி கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று ஓசூரில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவு, இன்னொன்று சொந்த ஊரான மதுரைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். தனக்குப் பாடம் நடத்தவும், பையன்களை வைத்து வண்டி, மெஷின் என்று ஏதாவது செய்ய வைக்கவும்தான் பிடித்திருக்கிறது, அதை மட்டும் வைத்து ஒரு முழு வாழ்க்கையை ஓட்ட முடியுமா, இல்லை கடைசியில் பேப்பர், பிஎச்.டி., ஃபைல் என்று முடிந்துபோகுமா, அப்படி இருப்பவருக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்கிறார்.

ஓட்ட முடியும் தம்பி. நான் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் எந்தக் கல்லூரியும் இதை உங்களுக்கு வேலையாகத் தராது. அவர்கள் தரும் வேலைகளுக்கு நடுவில் நீங்களாகத்தான் இதற்கு இடம் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்தை ஒவ்வொரு வருஷமும் காப்பாற்றவும் வேண்டும்.

சம்பளத்தை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇ சொல்லும் உதவிப் பேராசிரியர் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பல தனியார் கல்லூரிகளில் மொத்தச் சம்பளமே அதில் பாதியைத் தொடாது. ஓசூர் வேலை கல்லூரி தருவதைவிடக் கூடத் தரும், சீக்கிரமே இன்னும் கூடும். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். பிஎச்.டி. இல்லாமல் பாடம் நடத்தலாம், மேலே போக முடியாது. ஏஐசிடிஇ-யின் 2019 விதிமுறைப்படி இணைப் பேராசிரியர் ஆவதற்கே பிஎச்.டி.யும் 8 வருஷ அனுபவமும் ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். அதனால் அதைச் செய்துவிடுங்கள், ஆனால் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தலைப்பாக எடுங்கள். வெல்டு ஃபெடீக் (பற்றவைத்த இடம் திரும்பத் திரும்ப வரும் பளுவில் விரிசல் விடுவது), பிரேக், உலர்த்தி, கியர் சத்தம், எதுவானாலும் சரி, அதற்காகச் செய்யும் சோதனை மேடை பிறகு பையன்களுக்கும் பயன்பட வேண்டும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். மாணவர் புராஜெக்ட் எதற்கு என்பதில் உங்களுக்கே தெளிவு இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் அலுத்துவிடும்.

நம் பாடத்தில் டிசைன் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கேள்வித்தாளில் பவர் கொடுத்திருப்பார்கள், வேகம் கொடுத்திருப்பார்கள், இரும்பு இந்த வகை என்று கொடுத்திருப்பார்கள், கியர் விகிதமும் கொடுத்திருப்பார்கள். பையன் டிசைன் சூத்திரமும் அட்டவணையும் உள்ள பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைத் திறந்து, சரியான பக்கத்தைப் பிடித்து, படிப்படியாக இறங்கி வந்தால் மாட்யூல் (கியர்ப் பல்லின் அளவு) வந்துவிடும், 13 மதிப்பெண்ணும் வந்துவிடும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, அந்தக் கணக்கு தெரியாமல் யாரும் டிசைனர் ஆக முடியாது. ஆனால் அந்தக் கேள்வியில் எடுக்க வேண்டிய முடிவுகளை எல்லாம் கேள்வி எழுதியவரே எடுத்து முடித்துவிட்டார். ஏன் கியர், ஏன் செயின் இல்லை, இதை யார் செய்வார், எங்கே செய்வார், எவ்வளவு ஆகும், உடைந்தால் யாருக்கு அடிபடும், இதெல்லாம் பையனிடம் யாரும் கேட்பதே இல்லை. கேட்கும் ஒரே இடம் புராஜெக்ட். அங்கேயும் நாமே முடிவெடுத்துக் கொடுத்தால் அப்புறம் அவன் எப்போதுதான் எடுப்பான்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ நடத்தும் பாஹா போட்டி, மாணவர்களே கரடுமுரடான தரையில் ஓடும் வண்டி செய்து ஓட்டுவது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1976-ல் அமெரிக்காவில் சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இந்தியாவில் 2007-லிருந்து நடக்கிறது, பெரும்பாலும் இந்தூர் பக்கம் பீதம்பூரில். பல வருஷம் எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின், 305 சிசி, 10 குதிரைத்திறன், அதைப் பிரித்துக் கை வைக்கக் கூடாது. மற்றதெல்லாம் மாணவர்கள் வேலை. ஓட்டுநரைச் சுற்றி வரும் கூண்டுக் குழாய்க்கு விதி ஒரு அளவு சொல்கிறது: 25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தடிமன், அல்லது வளைவில் அதற்குச் சமமான உறுதியும் விறைப்பும் உள்ள வேறு குழாய், தடிமன் 1.57 மி.மீ.க்குக் குறையாமல். ஒரு அணி கணக்குப் போட்டுக்கொண்டு வந்தது. 31.75 மி.மீ. விட்டம், 1.65 மி.மீ. தடிமன் எடுத்தால் மீட்டருக்கு 1.66 கிலோ இருந்தது 1.22 கிலோவாக இறங்கும், வளைவு விறைப்பு 30 சதவீதத்துக்குமேல் கூடும், உறுதியும் கொஞ்சம் கூடும். கணக்கு நூற்றுக்கு நூறு சரி. உலோகத்தை மையத்திலிருந்து தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் வருஷத்தில் படித்தது, இங்கே உயிரோடு வந்து நிற்கிறது.

நான் ஒன்றுதான் கேட்டேன்: யாருப்பா பற்ற வைக்கப் போறது? கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் கிரில் பட்டறை அண்ணனிடம் சாதா ஆர்க் மெஷின்தான் இருக்கிறது. 3 மி.மீ. குழாயை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவார், 1.65-ல் ஓட்டை விழுந்துவிடும். மெல்லிய குழாயை நுணுக்கமாக ஒட்டும் டிக் வெல்டிங்குக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும், அங்கே இடம் கிடைக்க வேண்டும், ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் குழாய் முனையை மீன் வாய் மாதிரி துல்லியமாக வெட்டித் தர வேண்டும், ஏனென்றால் இடைவெளி இருந்தால் டிக் ஒட்டாது. அதாவது எடையில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கொடுக்கிறோம். எது வேண்டும் என்று அவர்களே இரண்டு நாள் சண்டை போட்டார்கள். மெல்லிய குழாயையே எடுத்தார்கள். வண்டி தாமதமானது, சோதனை ஓட்டத்துக்கு நாள் குறைந்தது. தடித்த குழாயை எடுத்திருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். நடுவர்கள் கேட்பது, 'ஏன் இதை எடுத்தாய்' என்றுதான். ஆன்சிஸ் என்ற கணினி மென்பொருளில் எடுத்த சிவப்பு நீலப் படத்தைக் காட்டி யாரும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பியதை நான் பார்த்தது இல்லை.

பிரேக் இன்னும் சுவாரசியம். வண்டியை ஓட்டி வந்து மிதித்தால் நாலு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டப் பந்தயத்துக்கே விட மாட்டார்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் எடை பின்பக்கம் 60 சதவீதம், ஆகவே பின் பிரேக் வலுவாக இருக்கட்டும் என்று கிட்டத்தட்ட எல்லா அணியும் முதலில் நினைக்கும். ஓட்டுநரோடு 250 கிலோ வண்டி, அச்சுகளுக்கு இடையே 1.4 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், 0.7 ஜி-யில் (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு வேகக் குறைப்பில்) நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 62.5 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். முன்னால் 40, பின்னால் 60 என்று நின்ற வண்டி, பிரேக் பிடிக்கும் அந்தக் கணத்தில் 65க்கு 35 ஆகிவிடுகிறது. முன் சக்கரம் உருண்டுகொண்டே இருக்க, பின் சக்கரம் மட்டும் தேய்த்துக்கொண்டு போகும். கரும்பலகையில் இதை நானும் வருஷா வருஷம் எழுதித்தான் காட்டியிருக்கிறேன், எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். விளையாட்டுத் திடலில் வண்டி கோணிக்கொண்டு நின்ற பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் வகுப்பு இருக்கிறதே, அதை நடத்துவதற்காகத்தான் இந்த வேலைக்கே வரலாம்.

இதில் வாத்தியார் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை வாயை மூடிக்கொண்டு இருப்பது. நமக்கு விடை தெரியும், பையன் தப்பான பேரிங் ஆர்டர் போடப் போகிறான், நாக்கு துடிக்கும். காசு கொஞ்சம் போனால் போகட்டும் என்று விட வேண்டும். ஆள் அடிபடும் விஷயத்தில் மட்டும் விவாதமே கிடையாது. கிரைண்டரில் வேலை செய்யும்போது கண்ணாடி போடவில்லை என்றால் வெளியே, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் டை ராடில் வெல்டு சரியில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தால் வண்டி ஷெட்டை விட்டு நகராது. பையன்கள் இதை முதல் மாதத்திலேயே புரிந்துகொள்வார்கள், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

உலகத்தில் இந்த வகைப் பாடத்துக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த வுடி ஃப்ளவர்ஸ். 1970களில் அங்கே 2.70 என்ற எண்ணுள்ள டிசைன் வகுப்பை அவர் நடத்திய விதம்தான் பேச்சு. எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி உதிரி சாமான் அடங்கிய ஒரு பெட்டி, ஒரே வேலை, செமஸ்டர் முடிவில் மெஷினுக்கு மெஷின் போட்டி. பார்க்கக் கூட்டம் கூடும். பிறகு கண்டுபிடிப்பாளர் டீன் கேமனோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான ஃபர்ஸ்ட் ரோபோ போட்டிக்கு வித்திட்டார், அது 1992-ல் முதன்முதலாக நடந்தது. 2019-ல் காலமானார். ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையால் அவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, ஒரு வகுப்பால் வைத்துக்கொண்டார்கள். உங்கள் 'மதிப்பு இருக்குமா' கேள்விக்கு இதை ஒரு பாதிப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி, எம்ஐடி வேறு நம் ஊர் வேறு என்பதும் உண்மைதான்.

ஆனால் பெட்டி வைத்து நடத்துவதற்கு எம்ஐடி பணம் தேவையில்லை. காயலான் கடையில் பழைய கார் வைப்பர் மோட்டார், சைக்கிள் டியூப், பிளைவுட் துண்டு, நைலான் கயிறு, கொஞ்சம் போல்ட் நட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரி. வேலை: ஒரு சின்னக் குடம் தண்ணீரைச் சிந்தாமல் மூன்று படி ஏற்று. இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு இது போதும், இதற்கு மேல் கொடுத்தால் வாங்கிப் பொருத்த ஆரம்பித்துவிடுவார்கள். கரண்டை நிறுத்தியதும் குடம் கீழே இறங்காமல் அப்படியே நிற்பதைப் பார்த்து ஒரு பெண் 'சார், பிரேக்கே வைக்கலையே, எப்படி நிக்குது?' என்று கேட்டாள். வைப்பர் மோட்டாருக்குள்ளே வார்ம் கியர் (புழு எனப்படும் திருகுத் தண்டு ஒரு பல்சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு) இருக்கிறது, அதன் சாய்கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால் சக்கரம் புழுவைத் திருப்ப முடியாது. இந்தப் பாடம் அவளுக்கு அடுத்த வருஷம்தான் வருகிறது. வரும்போது டேட்டா புக்கில் அந்தப் பக்கம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள் மாதிரி இருக்கும்.

வண்டி மட்டும்தான் புராஜெக்ட் என்று நினைத்துவிடாதீர்கள். பாஹா, ஃபார்முலா பந்தய வண்டிப் போட்டி எல்லாம் சில லட்சம் விழுங்கும், ஸ்பான்சர் தேடியே ஒரு செமஸ்டர் போகும், அணியில் கடைசிவரை வேலை செய்வது பாதிப் பேர்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது ஊருக்குள்ளே இருக்கும் சிக்கல்கள். மதுரை அப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிசைத் தொழிலாக எத்தனையோ பெண்கள் இட்டு, வெயிலில் துணி விரித்துக் காய வைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஒரு அணி உலர்த்தும் பெட்டி செய்கிறேன் என்றது. ஹீட்டர், ஃபேன், வெப்பநிலைக் கட்டுப்பாடு எல்லாம் வைத்து மேலிருந்து சூடான காற்றை அடித்தார்கள். அப்பளம் ஒரு பக்கம் மட்டும் முதலில் காய்ந்து கிண்ணம்போலச் சுருண்டது, ஓரம் வெடித்தது.

போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். போனவர்கள் எத்தனை டிகிரி வெயில், எத்தனை நிமிஷம் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு. 'டிகிரியெல்லாம் எனக்கு என்ன தம்பி தெரியும், எடுத்து வளைச்சா வளையணும், ஒடியக் கூடாது, அப்ப அடுக்கிரணும்' என்றாராம். அதுதான் ஸ்பெசிஃபிகேஷன்! முழுக்கக் காய வைப்பது இலக்கே இல்லை, உள்ளே கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும்போது நிறுத்த வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே சீராகக் காய வேண்டும். பிறகு வலைத்தட்டு வைத்துக் காற்றைப் பக்கவாட்டில் விட்டார்கள், சூட்டைக் குறைத்து காற்றின் அளவைக் கூட்டினார்கள், தட்டை எடுத்துத் தொட்டுப் பார்க்க வசதியாகக் கதவை இடுப்பு உயரத்துக்கு மாற்றினார்கள். கரண்ட் பில் கணக்குப் பார்த்தால் வெயிலோடு போட்டி போட முடியாது, மழை நாளுக்கு மட்டும் ஈடு கட்டும் என்று அவர்களே ரிப்போர்ட்டில் எழுதினார்கள். நான் அந்த ஒரு வரிக்காகவே மதிப்பெண் போட்டேன். இலவசமாக அடிக்கும் வெயிலை வென்றுவிட்டதாக எழுதும் ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்துச் சலித்தவன்.

விலையும் டிசைனின் ஒரு அளவுதான் என்று சொல்ல மதுரையில் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. அப்போது இறக்குமதி லென்ஸ் நூறு டாலருக்குக் குறையாது, அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வருகிறவர் யார், அவரால் எவ்வளவு தர முடியும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்ட தொழில் அது. என் வகுப்பில் ஒவ்வொரு புராஜெக்டின் முதல் பக்கத்திலும் யாருக்கு, என்ன விலைக்கு என்ற இரண்டு வரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டேன்.

இனி கசப்பான பகுதி. புராஜெக்ட் சென்டர்கள். கடைசி வருஷம் ஆரம்பித்ததும் விலைப் பட்டியலோடு நிற்பார்கள். பெயிண்ட் அடித்த மெஷின், அச்சடித்த ரிப்போர்ட், வைவாவுக்குக் கேள்வி பதில் வரை எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். ஒரே மெஷின் நாலு கல்லூரிக்குப் போகும். பையன்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு வாத்தியாருக்கு ஆறேழு அணி, வாரம் ஒரு கையெழுத்து, கடைசியில் ஒரு கண்காட்சி என்று வைத்தால் வாங்கத்தான் செய்வார்கள். இதைத் தடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்று: கெட்டுப்போன பாகங்களையும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ஒடிந்த ஷாஃப்ட், கோணலாகத் துளை போட்ட தகடு, எரிந்த மோட்டார். கடையில் வாங்கிய மெஷினுக்கு உடைந்த பாகம் இருக்காது. நேர்மையான அணியிடம் ஒரு சாக்கு நிறைய இருக்கும்.

அப்புறம் ஃபைல். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினர் ஆன பிறகு, தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ தரும் அங்கீகாரத்துக்கு மவுசு கூடியது, ஒவ்வொரு பாடத்துக்கும் இலக்கு, ஒவ்வொரு கேள்விக்கும் எந்த இலக்கு, எத்தனை சதவீதம் எட்டியது என்று அட்டவணை போட வேண்டும். யோசனை நல்ல யோசனைதான், மாணவன் கடைசியில் என்ன செய்யத் தெரிந்துகொண்டான் என்று கேட்கிறது. நடைமுறையில் மார்ச் மாதம் உட்கார்ந்து எக்ஸெல்லில் எண்களை நிரப்புவதாக முடிகிறது. ஒரு குறுக்குவழி உண்டு. குழுவாக வேலை செய்தல், செலவு நிர்வாகம், சமூகப் பொறுப்பு போன்ற இலக்குகளைத் தேர்வுத்தாள் வைத்து நிரூபிக்கப் பலர் திண்டாடுவார்கள், ஒழுங்காக நடந்த ஒரு புராஜெக்டின் பதிவேடு அத்தனைக்கும் ஆதாரம். துறைத் தலைவரிடம் பட்டறைச் சாவி கேட்கும்போது இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், ஆர்வம் என்று சொல்வதைவிடச் சீக்கிரம் சாவி கிடைக்கும்.

மெக்கானிக்கலுக்கு ஆள் சேர்வது குறைந்ததும் உண்மை. மூன்று செக்ஷன் இருந்த இடத்தில் ஒன்று, அதுவும் நிரம்புவதில்லை, பல கல்லூரிகளில் இதுதான் நிலை. மூத்தவர்கள் கம்ப்யூட்டர் பக்கம் பாடம் எடுக்கப் போகிறார்கள், சிலரைப் பள்ளிகளுக்குச் சேர்க்கை பிடிக்க அனுப்புகிறார்கள். ஆனால் மதுரை ஒன்றும் இயந்திரம் இல்லாத ஊர் இல்லை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொழில் தொடங்கிய ஊர், வெள்ளரிப்பட்டியில் டயர், கோச்சடையில் பெல்ட், கப்பலூரிலும் கே.புதூரிலும் லேத் சத்தம். வகுப்பில் முப்பது பேர்தான் என்றால் முப்பது பேரையும் லேத்தில் நிறுத்த முடியும், அறுபது பேர் இருந்த காலத்தில் அது முடிந்தது இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஓசூருக்கு முதலில் போவேன். இரண்டு மூன்று வருஷம் இருந்து டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்), சப்ளையர், டிராயிங் ரிலீஸ், ஒரு பாகம் திரும்பி வந்தால் என்ன நடக்கும், இதையெல்லாம் பார்த்துவிட்டு வருவேன். கம்பெனி வாசம் இல்லாமல் நேராக வகுப்புக்கு வந்தவர்கள் பலர் நல்ல ஆசிரியர்கள்தான், ஆனால் 'நிஜத்தில் இப்படிச் செய்வாங்களா சார்' என்று பையன் கேட்கும்போது அவர்களுக்குப் புத்தகம்தான் துணை. வீட்டுச் சூழ்நிலையால் மதுரையை விட முடியாது என்றால் தயங்காமல் கல்லூரிக்கே வாருங்கள், கோடை விடுமுறையில் சிட்கோவில் ஏதாவது ஒரு பட்டறையில் போய் நில்லுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் நாலு விஷயம் சொல்லித்தராத ஃபோர்மேன் எனக்கு இதுவரை அமைந்தது இல்லை.

நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள். பட்டறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், மாலையில் பொறுப்பாளர் இருப்பாரா? புராஜெக்டுக்குத் துறையில் சொந்தமாக நிதி உண்டா, இல்லை பையன்கள் தலையிலா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம்? பேச்சுவாக்கில் பட்டறையைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டு, லேத் படுக்கையில் விரலை வைத்துப் பாருங்கள், எண்ணெய் ஒட்டினால் ஓடுகிறது, தூசி ஒட்டினால் என்பிஏ வரும்போது மட்டும் துடைக்கிறார்கள். ஒன்று மட்டும் கறாராக இருங்கள், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏஐசிடிஇ-யே சொல்லியிருக்கிறது. காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகலைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலை அன்றைக்கே கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.